இரவல் தோண்டி

இரும்பை என்னும் பெயர் சைவ இலக்கியம் பயின்றோர்க்குப் புதிதன்று. தொண்டைநாட்டுப் பாடல்பெற்ற தலங்கள் முப்பத்திரண்டனுள் ஒன்றான இரும்பை மாகாளம், புதுச்சேரிக்கு வடக்கே, இன்றைய விழுப்புரம் மாவட்டத்து வானூர் வட்டத்தில் இருக்கிறது. ஞானசம்பந்தரின் பதிகம் பெற்ற ஊர். ஆயினும் அப்பக்கத்து மக்களின் வாய்மொழியில் சம்பந்தரைக் காட்டிலும் மிகுதியாக வாழ்பவர் கடுவெளிச் சித்தர். கோயிலில் ஆடிய பெண்ணின் சிலம்பு அவிழ்ந்து விழ, சித்தர் அதை எடுத்துப் பூட்டிவிட்டார்; கண்டவர்கள் நகைத்தனர்; சித்தர் பாட, லிங்கம் மூன்றாகப் பிளந்தது; நிலம் பாழ்பட்டது என்பது கதை. பிளந்த லிங்கத்தைச் செப்புத் தகட்டால் பிணைத்து இன்றும் வழிபடுகிறார்கள்.

அந்தச் சித்தர் பெயரில் வழங்கும் பாடல்களுள் தமிழகம் முழுதும் அறிந்தது, குயவனிடம் பத்து மாதம் இரந்து ஒரு தோண்டியைப் பெற்றுவந்து, கூத்தாடிக் கூத்தாடிப் போட்டுடைத்த ஆண்டியைப் பற்றியது. ஆண்டி உயிர், தோண்டி உடல், குயவன் படைப்போன் என்பது வழிவழியாகச் சொல்லப்பட்டுவரும் பொருள். உடலைக் கலமாகக் காண்பது தமிழுக்குப் பழைய வழக்கம். உயிரின் மிகச் சிறிய அலகை, தமிழ்நாட்டுப் பாடநூல்கள் 'செல்' என்றும் 'உயிரணு' என்றும் சொல்ல, ஈழத்துப் பாடநூல்கள் 'கலம்' என்றே வழங்கிவந்தன. நாம் இக்கட்டுரையில் பேசப்புகுவது அந்தக் கலத்தைப் பற்றியும், அதை இரவல் பெற்று வாழும் ஒன்றைப் பற்றியும்தான்.

வைரஸ் உள்ளே எப்படி நுழைந்தது என்பதே எப்போதும் நம் முதற்கேள்வி. எவர் வழியாக வந்தது, எந்த ஊரிலிருந்து வந்தது, யார் கொண்டுவந்தார்கள்? கொள்ளைநோய்க் காலங்களில் இக்கேள்வி ஆராய்ச்சியாகத் தொடங்கிப் பழிதூற்றலாக முடிவதை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். நுழைந்தது எப்படி வெளியேறுகிறது என்ற கேள்வி அவ்வளவாகக் கேட்கப்படவில்லை. அறிவியலிலும் இதற்குத் தெளிவான விடை கிடைத்தது 2001ஆம் ஆண்டில்தான். அந்த விடை, வைரஸைப் பற்றிச் சொன்னதைவிட நம் கலத்தைப் பற்றிச் சொன்னது மிகுதி.

புகையிலைச் செடியின் நோயை 1892இல் ருஷ்யரான இவானோவ்ஸ்கியும் 1898இல் டச்சுக்காரரான பெயரிங்க்கும் ஆராய்ந்தபோது, நுண்கிருமிகளைத் தடுக்கும் வடிகட்டியையும் கடந்துசெல்லும் ஒன்று இருப்பது தெரிந்தது. அதைக் கண்ணால் காண எலக்ட்ரான் நுண்ணோக்கி வரவேண்டியிருந்தது. 1931இல் பெர்லினில் உருவான அக்கருவி, இருபதாண்டுகளுக்குப் பின்னர் இன்னொரு காட்சியைக் காட்டிற்று. இன்ஃபுளுவென்சா போன்ற வைரஸ்கள் கலத்தின் மேற்பரப்பில் சிறு புடைப்பாக எழுந்து, உருண்டு, காம்பாய்க் குறுகி, பின் கழன்று போயின. மரக்கிளையில் அரும்பு கட்டுவதை நினைவூட்டியதால் ஆங்கிலத்தில் அதற்கு அரும்புதல் என்றே பொருள்படும் சொல் அமைந்தது. தமிழில் மொட்டுவிடுதல் என்கிறோம். பூவின் பருவங்களை அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல் எனப் பகுத்துப் பெயரிட்ட மொழிக்கு இச்சொல்லாக்கத்தில் இடர்ப்பாடு ஏதுமில்லை. ஆனால் ஒரு வேறுபாட்டைக் கருதவேண்டும். அரும்பு செடியின் சொந்தப் பொருள். வைரஸோ, உள்ளீடு மட்டும் தன்னுடையதாக இருக்க, மேற்போர்வையைக் கலத்தின் சவ்விலிருந்தே கிழித்துப் போர்த்திக்கொண்டு வெளிவருகிறது. அப்போர்வையின் கொழுப்பு நம்முடையது. ஆண்டி சுமந்த தோண்டி இரவல் தோண்டி.

இந்த வெளியேற்றத்தின் வரலாறு எச்.ஐ.வி. என்னும் வைரஸோடு பின்னியது, எச்.ஐ.வி.யின் இந்திய வரலாறோ சென்னையில் தொடங்குவது. 1981இல் அமெரிக்காவில் எய்ட்ஸ் நோய் முதன்முதலாகப் பதிவாயிற்று. 1983இல் பாரிசின் பாஸ்டர் நிறுவனத்தார் அதன் வைரஸைப் பிரித்தெடுத்தனர். அது மேலைநாட்டு ஒழுக்கக்கேட்டின் நோய், நம் பண்பாட்டு வேலியைத் தாண்டி வராது என்று இங்கே பலரும் நம்பிக்கொண்டிருந்த காலம் அது. சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியராயிருந்த சுனிதி சாலமன், தம் முதுநிலை மாணவி செல்லப்பன் நிர்மலாவை இத்துறையில் ஆய்வுசெய்யத் தூண்டினார். பாலியல் தொழிலில் ஈடுபட்டதாகப் பிடிக்கப்பட்டுக் காப்பில்லத்தில் அடைக்கப்பட்டிருந்த பெண்களிடம் நிர்மலா குருதி மாதிரிகளைத் திரட்டினார். சோதனை வசதி சென்னையில் இல்லை. மாதிரிகளை வீட்டுக் குளிர்பெட்டியில் காத்துவைத்திருந்து, இரவு ரயிலில் காட்பாடிக்குக் கொண்டுபோனார். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில், ஜேக்கப் ஜான் தலைமையில் இயங்கிய வைரஸ் துறையில், 1986இன் தொடக்கத்தில் சோதனை நடந்தது. ஆறு மாதிரிகள் எச்.ஐ.வி. உண்டு என்றன. அமெரிக்காவில் செய்த மறுசோதனையும் அதை உறுதிசெய்தது. அவ்வாண்டு மே மாதம் நலவாழ்வு அமைச்சர் எச்.வி. ஹண்டே சட்டமன்றத்தில் செய்தியை அறிவித்தார்.

அந்த அறிவிப்பை நம்ப மறுத்தவர்கள் இருந்தனர்; ஆய்வு செய்தவர்களையே பழித்தவர்களும் இருந்தனர். ஆய்வாளர்களின் பெயர்கள் காலந்தாழ்ந்தேனும் வரலாற்றில் ஏறின. சுனிதி சாலமன் 1993இல் நோயாளிகளுக்கென ஒய்.ஆர்.ஜி. கேர் அமைப்பைத் தொடங்கி, 2015இல் மறையும்வரை அப்பணியில் இருந்தார். குருதி கொடுத்த பெண்களோ, எந்த நோய்க்காகத் தம்மிடம் குருதி எடுக்கப்படுகிறது என்பதையே அறியாதவர்கள். அவர்கள் வரலாற்றில் ஆறு என்ற எண்ணாக மட்டுமே நிற்கிறார்கள். இதை இவ்விடத்தில் சொல்லாமற் போனால், இனி வரும் மூலக்கூற்றுக் கதை வெறும் வியப்பாகிவிடும்.

எச்.ஐ.வி.யின் ஏடு மிகச் சிறியது. பத்தாயிரத்துக்குச் சற்றுக் குறைவான எழுத்துகள், ஒன்பதே மரபணுக்கள். நம் ஏட்டில் ஏறத்தாழ இருபதாயிரம் மரபணுக்கள் உள்ளன. ஒன்பதை வைத்துக்கொண்டு ஒருவன் இருபதாயிரத்தானை வெல்வது எங்ஙனம்? 1991இல் ஹைன்ரிக் கோட்லிங்கரும் உடனாய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வில் இதற்கான முதற்குறிப்பு கிடைத்தது. வைரஸின் கட்டுமானப் பொருள் 'காக்' என்னும் புரதம். ஆயிரக்கணக்கான காக் மூலக்கூறுகள் சவ்வின் உட்புறத்தில் அணிசேர்ந்து அதை வெளிநோக்கிக் குமிழச்செய்கின்றன. காக் புரதத்தின் கடைக்கோடியில் 'பி6' என்றொரு சிறுபகுதி உண்டு. அதைச் சிதைத்துப் பார்த்தார்கள். குமிழி எழுந்தது, உருண்டது, காம்பும் கட்டியது, ஆனால் கழலவில்லை. முற்றிய காய் காம்பறாமல் மரத்திலேயே தொங்குவதுபோல, வைரஸ்கள் கலத்தின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டே நின்றன. 1995இல் அந்தப் பகுதிக்குள்ளும் நான்கே அமினோ அமிலங்கள்தாம் இன்றியமையாதவை என்பது தெரியவந்தது. புரோலின், திரியோனின், அலனின், மீண்டும் புரோலின். இந்த நான்கெழுத்துச் சொல் தானே காம்பை அறுக்கும் கத்தியாக இருக்க இயலாது, அவ்வளவு சிறியது. அது யாரையோ அழைக்கும் விளியாகத்தான் இருக்கவேண்டும். அழைக்கப்பட்டவர் யார்?

விடை வேறொரு துறையில், வைரஸோடு தொடர்பே இல்லாத ஓர் ஆய்வில் உருவாகிக்கொண்டிருந்தது. மரக்காணத்தைச் சிறுபாணாற்றுப்படையின் எயிற்பட்டினமாக அறிஞர்கள் அடையாளம் காண்பர். நல்லியக்கோடனின் ஓய்மாநாட்டுக் கடற்கரை ஊர் அது. வரும் பாணர்க்கு நுளையர் மகளிர் அரித்த தேறலும் சுட்ட மீனும் அங்கே விருந்தாகக் கிடைக்கும் என்று அந்நூல் சொல்கிறது. தேறலைத் தேறலாக்குவது ஈஸ்ட் என்னும் நுண்காளான். கள்ளையும் ரொட்டியையும் புளிக்கவைக்கும் இந்த எளிய உயிரில், 1980களிலிருந்து ஸ்காட் எம்ர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் ஒரு வீட்டுவேலையை ஆராய்ந்துவந்தனர். பயன்தீர்ந்த புரதங்களைக் கலம் எப்படிக் குப்பைக்கிடங்குக்கு அனுப்புகிறது என்பதே கேள்வி. அப்பணியில் தவறும் ஈஸ்ட் வகைகளைத் தேடித் தேடி, முப்பதுக்கும் மேற்பட்ட மரபணுக்கள் அதில் ஈடுபடுவதைக் கண்டனர். 2001இலும் 2002இலும் எம்ரின் குழு அவற்றுள் சில புரதங்கள் கூட்டுக் கூட்டாக இயங்குவதைக் காட்டி அவற்றுக்கு ஒரு பெயரிட்டது. நீண்ட ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளால் ஆன அப்பெயரை 'எஸ்கார்ட்' என்று ஒலிப்பார்கள். தமிழில் வழித்துணை என்று கொள்ளலாம், பொருள் பொருந்தும்.

1996இல் லிமின் லீ, ஸ்டான்லி கோஹன் இருவரும் எலியின் கலங்களில் புற்றுநோயோடு தொடர்புடையதென்று கருதி ஒரு மரபணுவைக் கண்டு, 'டி.எஸ்.ஜி.101' என்று பெயரிட்டிருந்தனர். அது ஈஸ்டின் வழித்துணைக் கூட்டத்து உறுப்பினர் ஒன்றின் மனித உறவினர் என்பது பின்னர் தெளிவாயிற்று. 2001இல் யூட்டா பல்கலைக்கழகத்து வெஸ்லி சண்ட்குவிஸ்ட் குழுவும், பால் பியனியாஸ் குழுவும், கரோல் கார்ட்டர் குழுவும் தனித்தனியே ஒரே முடிவுக்கு வந்தன. எச்.ஐ.வி.யின் நான்கெழுத்து விளி அழைப்பது டி.எஸ்.ஜி.101 என்னும் புரதத்தையே. அதைக் கலத்திலிருந்து அகற்றினால் வைரஸ் காம்பறாமல் நின்றுவிடுகிறது. எம்ரின் ஆய்வும் சண்ட்குவிஸ்டின் ஆய்வும் சில மாத இடைவெளியில் 'செல்' என்னும் ஒரே இதழில் வெளியாயின. எபோலா வைரஸும் இதே விளியைக் கற்றுவைத்திருப்பது அவ்வாண்டே தெரிந்தது. 2003இல் 'அலிக்ஸ்' என்ற இன்னொரு புரதத்தின் வழியாக இரண்டாவது வாசலும் உண்டு என்று கண்டார்கள்.

கலத்துக்குள் சவ்வுக் குமிழிகள் இரு திசைகளில் அறுபடலாம். வெளியிலுள்ளதை உட்கொள்ளும்போது குமிழி உள்நோக்கிப் பிதுங்குகிறது. அதன் கழுத்தை வெளிப்புறத்திலிருந்து நெரித்து அறுக்கலாம். குப்பையறைக்குள் தள்ளும்போதோ, குமிழி கலத்தின் உட்சாற்றிலிருந்து விலகி அப்பாற் பிதுங்குகிறது. அதன் கழுத்தை உள்ளிருந்தே இறுக்கியாகவேண்டும். வைரஸ் வெளியேறும் திசையும் இதுவே. ஆகவே வைரஸ் புதுக்கருவி எதையும் படைக்கத் தேவையில்லை. இருக்கும் வேலையாளை இடம்மாற்றி அழைத்தால் போதும்.

அந்த வேலையாள் செய்வது என்ன? குயவர் வேலை பார்த்தவர்களுக்கு எளிதில் விளங்கும். சக்கரத்தில் வனைந்து முடித்த பானையைக் கையால் பிய்த்தெடுக்க முடியாது; அடியில் ஒரு நூலைச் சுற்றி இழுத்து அறுத்தெடுப்பார்கள். எஸ்கார்ட் கூட்டத்தின் மூன்றாம் குழுவைச் சேர்ந்த புரதங்கள் ஒன்றோடொன்று கோத்து இழையாகின்றன. அவ்விழை சுருளாகச் சுருண்டு சவ்வை வளைக்கவல்லது என்பதை 2008இல் ஃபில்லிஸ் ஹான்சன் குழு நுண்ணோக்கியில் காட்டியது. காம்பின் உட்புறத்தில் அமையும் இச்சுருள் இறுகிக் குறுக, சவ்வின் இரு விளிம்புகள் கூடி ஒட்டி, குமிழி கழல்கிறது. 'வி.பி.எஸ்.4' என்னும் எந்திரப் புரதம் ஆற்றலைச் செலவிட்டு இழையை ஒவ்வொரு கண்ணியாகப் பிரித்தெடுத்து அடுத்த வேலைக்கு மீட்கிறது. காக் புரதங்கள் திரண்டு உருண்டையாவதற்குச் சில நிமிடங்கள் ஆகின்றன. நூலும் அதை இழுக்கும் கையுமோ, கடைசியில் சிறுபொழுதே தோன்றி மறைகின்றன. மண் கலத்துடையது, சக்கரம் கலத்துடையது, அறுக்கும் நூலும் கலத்துடையது. வைரஸின் பங்கு வடிவமும் ஒரு நான்கெழுத்து விளியும்.

இந்த நூலின் பயன் இத்தோடு நின்றிருந்தால் மருத்துவத்துக்கு எளிதாகியிருக்கும். 2007இல் ஜெரெமி கார்ல்டனும் யுவான் மார்ட்டின் செர்ரானோவும் இன்னொன்றைக் கண்டார்கள். ஒரு கலம் இரண்டாகப் பிரியும்போது, இரு மகவுக் கலங்களையும் கடைசியாக இணைத்து நிற்கும் மெல்லிய பாலத்தை அறுப்பதும் இதே எஸ்கார்ட் கூட்டமே. அதாவது, கருவில் நாம் ஒரு கலத்திலிருந்து இரண்டாக, இரண்டிலிருந்து நான்காகப் பெருகியபோது இந்நூல் அறுத்துக்கொண்டே இருந்தது. 2014இல், கிழிந்த மேற்சவ்வைச் செப்பனிடுவதிலும் 2015இல், கலம் பிரிந்தபின் கருவுறையை மூடித் தைப்பதிலும் இதற்குப் பங்கு உண்டென்று கண்டனர். இதன் தொன்மையோ இன்னும் வியப்பானது. வெந்நீர் ஊற்றுகளில் வாழும் சல்ஃபோலோபஸ் என்னும் ஆர்க்கியா இதன் முன்னோர் வடிவைக் கொண்டே தன்னைப் பிரித்துக்கொள்கிறது என்று 2008இல் தெரியவந்தது. செறிந்த உப்பளப் பாத்திகளின் நீரைச் செம்மையாக்கும் உப்புவிரும்பிகளும் அந்த ஆர்க்கியாப் பேரினத்தவையே, பிரியும் முறை வேறாயினும். உலகில் விலங்கும் செடியும் தோன்றுவதற்கு மிக முன்பே நூல் நூற்கப்பட்டுவிட்டது. வைரஸ் பிற்பாடு அதைக் கண்டுகொண்டது.

இங்கே ஒரு சொல்லைப் பற்றிச் சிந்திக்கலாம். வைரஸுக்கு இடந்தரும் உயிரைத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் 'விருந்தோம்பி' என்கின்றன. ஈழத்தார் 'விருந்துவழங்கி' என்பர். திருக்குறள் ஓர் அதிகாரமே வகுத்த அறத்தின் பெயர், அழையாது வந்து அடுக்களையைக் கைப்பற்றும் ஒன்றுக்கு இடந்தருவதைக் குறிக்க ஆகுமா என்று மனம் தயங்குகிறது. ஆனால் விருந்து என்னும் சொல்லுக்குப் பழம்பொருள் புதுமை. தொல்காப்பியம் அப்பொருளிலேயே ஆள்கிறது. புதிதாக வந்தது எதுவும் விருந்துதான், நல்லதாயினும் தீயதாயினும். அவ்வகையில் சொல் பிழையன்று.

எல்லா விருந்தும் ஒரே வழியில் வெளியேறுவதில்லை என்பதையும் சொல்லவேண்டும். 1964இல் சென்னையிலும் மீண்டும் 2006இல் தமிழகம் முழுதும் மூட்டுகளை முடக்கிய சிக்குன்குனியாவின் இனத்து வைரஸ்கள் எஸ்கார்ட் உதவியின்றி, தம் புறப்புரதங்களின் இறுக்கத்தாலேயே கழல்கின்றன. இன்ஃபுளுவென்சா 'எம்2' என்னும் தன் சொந்தப் புரதத்தால் காம்பறுக்கிறது என்று 2010இல் கண்டனர். இந்தியாவில் 1955இல் வேலூர்ப் பகுதியில் முதலில் இனங்காணப்பட்ட ஜப்பானிய மூளைக்காய்ச்சலின் வைரஸோ, கலத்தின் மேற்பரப்புக்கு வராமல் உட்சவ்வு வலைக்குள்ளேயே அரும்புகிறது. நெல்வயல் நீரில் பெருகும் கொசுக்களால் பரவும் இந்நோய் பழைய வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு மாவட்டங்களைப் பலமுறை வாட்டியது. 1975இல் புதுச்சேரியில் அமைந்த நோய்க்கடத்தி கட்டுப்பாட்டு ஆய்வு மையத்தின் கவலைகளில் ஒன்றாகவும் இருந்துவந்தது. அவ்வைரஸும் டெங்கு வைரஸும் எஸ்கார்ட் கூட்டத்துச் சிலரை அவ்வுட்சவ்வுக்கு வரவழைத்துக்கொள்கின்றன என்று 2016இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினர்.

அறிந்ததனால் ஆன பயன் என்ன என்று கேட்பவர்களுக்கு நேரான விடை: இன்றளவும் இந்த வாசலை அடைக்கும் மருந்து எதுவும் எச்.ஐ.வி. நோயாளியின் கைக்கு வரவில்லை. டி.எஸ்.ஜி.101 வெளியான அதே 2001இல்தான் மும்பையின் சிப்லா நிறுவனம் மூன்று மருந்துச் சேர்க்கையை ஆண்டுக்கு 350 டாலருக்குத் தர முன்வந்து உலக மருந்துச் சந்தையைக் கலக்கிற்று. 2004 ஏப்ரலில் இந்திய அரசு இலவச மருந்து வழங்கத் தொடங்கியபோது தாம்பரம் நெஞ்சக நோய் மருத்துவமனை முதல் மையங்களில் ஒன்றாயிற்று. அம்மருந்துகள் தாக்கியது வைரஸுக்கே உரிய நொதிகளை. 2022இல் ஒப்புதல் பெற்ற, ஆண்டுக்கு இருமுறை ஊசியாகச் செலுத்தும் லெனாகாபவிர் தாக்குவதும் வைரஸின் சொந்த உறையைத்தான். காம்பை அறுக்கும் நூல் நம்முடையது என்பதால் அதன்மேல் கைவைக்க அஞ்சுகிறோம். அதை நிறுத்தினால் கலம் பிரிவதும் நிற்கும். திருடன் நம் அரிவாளைக் கொண்டே கதிரறுக்கிறான் என்பதற்காக அரிவாளை உடைத்துவிட்டால் நாம் அறுப்பது எதைக்கொண்டு?

இயற்கை இச்சிக்கலை எதிர்கொண்ட விதம் நமக்குப் பாடமாகலாம். 2008இல், நம் கலங்களிலேயே 'டெதரின்' என்னும் புரதம் இருப்பது தெரிந்தது. கழன்ற வைரஸையும் கலத்தோடு கயிறுபோலக் கட்டிவைப்பது அது. எச்.ஐ.வி.யின் ஒன்பது மரபணுக்களில் ஒன்று இக்கயிற்றை அகற்றும் வேலையையும் செய்கிறது. 2021இல் சண்ட்குவிஸ்டும் நெல்ஸ் எல்டேயும் உடனாய்வாளர்களும் இன்னொன்றை அறிவித்தனர். அணில்குரங்குகளிலும் எலிகளிலும், எஸ்கார்ட் இழைப்புரதம் ஒன்றின் மரபணு தனித்தனியே படியெடுக்கப்பட்டு, வால் குறுகி நிற்கிறது. அந்தக் குறைப்பிரதி வைரஸின் காம்பறுப்பைத் தடுக்கிறது; கலம் பிரிவதைத் தடுப்பதில்லை. வைரஸின் வேலைக்கு நூல் சற்றுத் தாமதமானாலே கேடு. கலத்துக்கு அத்தாமதம் பொறுக்கக்கூடியது. அந்தச் சிறு இடைவெளியில்தான் வருங்கால மருந்து ஒளிந்திருக்கக்கூடும்.

1986க்கு முன் நாம் நம்பிய வேலி, நோய் அயலாருடையது, நம்முடையது தூய்மை என்பது. அவ்வேலி பொய்த்தபோது அதை இழுத்து உள்ளூருக்குள் மறுபடி நட்டோம். காப்பில்லத்துப் பெண்கள் ஒருபுறம், நாம் மறுபுறம். மூலக்கூற்றியல் அந்த வேலிக்கு எவ்வித ஆதாரமும் தரவில்லை. வைரஸ் எந்த உடலிலிருந்து புறப்பட்டாலும், அவ்வுடலை ஈன்று வளர்த்த அதே நூலால்தான் அறுபட்டுப் புறப்படுகிறது. அந்நூல் காப்பில்லத்துப் பெண்ணின் கலத்திலும், சட்டமன்றத்தில் இருந்தவர் கலத்திலும், தேறலின் ஈஸ்டிலும் ஏறக்குறைய ஒன்றே. சித்தர் சொன்ன குயவன் ஆளுக்கொரு நூல் வைத்திருக்கவில்லை.